மலேரியா கார்டு டெஸ்ட்: காய்ச்சலுக்குக் கைகொடுக்கிறது, ஒழிப்புக்கு இன்னும் போதாது

காய்ச்சலோடு வந்து நிற்பவருக்கு மலேரியாவா இல்லையா என்று இருபது நிமிடத்துக்குள் சொல்ல வேண்டுமென்றால், இன்றைக்குக் கார்டு டெஸ்டை மிஞ்ச ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு நாட்டிலிருந்து, கடைசியில் உலகத்திலிருந்தே மலேரியாவை ஒழிக்க வேண்டுமென்றால், இதே கார்டை நம்பி இறங்க முடியாது. லேப் டெக்னீஷியனாக மைக்ராஸ்கோப்பில் ரத்த ஸ்லைடும் பார்க்கிறேன், கார்டும் போடுகிறேன். இரண்டும் ஒத்துப்போவதையும் முரண்படுவதையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எந்தக் கம்பெனி கார்டு என்று சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் குறைகள் ஒரு தயாரிப்பாளரின் குறைகள் கிடையாது. இந்த வகைக் கார்டு எல்லாவற்றுக்கும் பொதுவானவை. எங்கள் கையில் அதிகம் புழங்குவது மூன்று கோடு வரக்கூடிய கார்டு: சோதனை சரியாக ஓடியதா என்று காட்டும் கன்ட்ரோலுக்கு ஒன்று, மலேரியா ஒட்டுண்ணி இனங்களில் முக்கியமான இரண்டான ஃபால்சிபேரத்துக்கு ஒன்று, வைவாக்ஸுக்கு ஒன்று.

பெட்டிக்குள் தனித்தனி அலுமினியப் பையில் கேசட்டுகள் இருக்கும்; கார்டு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். கூடவே ஒரு சின்ன பஃபர் பாட்டில், விரலிலிருந்து ரத்தத்தை எடுத்து விட ஒரு பிளாஸ்டிக் குழல், லேன்செட், ஸ்பிரிட் பஞ்சு, படம் போட்ட செய்முறைத் தாள். ஒவ்வொரு பைக்குள்ளும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று கிடக்கும். பையைக் கிழித்ததும் நான் முதலில் அந்தப் பொட்டலத்தைத்தான் பார்ப்பேன். நிறம் மாறியிருந்தால் பைக்குள் ஈரம் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கேசட்டைத் தள்ளிவைத்துவிட்டு வேறு எடுப்பேன். அவசரத்தில் இந்த ஒரு பார்வையைத் தவறவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

கார்டுக்குத் தேவைப்படுவது 5 மைக்ரோலிட்டர் ரத்தம். ஒரு துளியில் பத்தில் ஒரு பங்குதான் வரும். அதைச் சின்னக் குழியில் வைத்து, பக்கத்துக் குழியில் சொன்ன எண்ணிக்கையில் பஃபர் சொட்டு விட வேண்டும். பஃபர் ரத்த அணுக்களை உடைக்கிறது. ஒட்டுண்ணியின் புரதம் வெளியே வந்து, அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும், தங்கத் துகள் ஒட்டிய ஆன்டிபாடியோடு சேர்ந்து வெள்ளைப் பட்டை வழியாக மேலே ஏறுகிறது. பட்டையில் ஏற்கெனவே கோடாகப் பதித்து வைத்திருக்கும் இன்னொரு ஆன்டிபாடி அதைப் பிடித்து நிறுத்துகிறது. தங்கத் துகள்கள் அங்கே குவிவதால் சிவப்பாக ஒரு கோடு தெரிகிறது. 15 முதல் 20 நிமிடம், தாளில் போட்டிருக்கும் நேரம் எதுவோ அதற்குள் படித்துவிட வேண்டும். கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இது. "லேசாத்தான் தெரியுது" என்று நெகட்டிவ் எழுதிவிடக் கூடாது. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் டியூப் லைட்டில் தெரியாத கோடுகூடத் தெரியும்.

இது வருவதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஸ்லைடு பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டும், 100 மடங்கு ஆயில் லென்ஸ் வேண்டும், பி.ஹெச். 7.2-ல் கரைத்த ஜீம்சா சாயம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ரத்தத்தைக் கனமாகத் தடவிய தடித்த படலத்தில் பிளேட்லெட் எது, சாயப் பிசிறு எது, ஒட்டுண்ணி எது என்று பிரித்துப் பார்க்கப் பழகிய கண் வேண்டும். இவையெல்லாம் ஒருசேரக் கிடைக்கும் இடத்துக்கும் மலேரியா இருக்கும் இடத்துக்கும் பல மணி நேர நடை தூரம். அதனால் காய்ச்சல் என்றாலே மலேரியா மாத்திரை என்பதுதான் வழக்கமாக இருந்தது. 2010-ல் உலக சுகாதார நிறுவனம், சந்தேகப்படும் எவரையும் முதலில் சோதித்து உறுதிப்படுத்திவிட்டுத்தான் மருந்து தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. கார்டு இல்லாமல் அந்தப் பரிந்துரை நடைமுறைக்கு வந்திருக்காது. இன்றைக்கு ஆண்டுக்கு 30 கோடிக்கு மேல் கார்டுகள் விற்கின்றன. ஒரு கிராமச் சுகாதாரப் பணியாளர் ஒரு நாள் பயிற்சியில் கற்றுக்கொண்டு, மின்சாரம் இல்லாத வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்ய முடிகிறது. நெகட்டிவ் என்றால் வேறு காரணம் தேடலாம். நிமோனியாவோ டைஃபாய்டோ தவறிப்போகாது. உயிர் காத்த பொருள் என்று தயங்காமல் சொல்வேன்.

வேலை செய்யும்போது எரிச்சல் தரும் விஷயங்களும் உண்டு. பஃபர் பாட்டில் ரொம்பச் சின்னது; மூடியைச் சரியாகத் திருகாவிட்டால் ஆவியாகிவிடும். தீர்ந்துபோனால் வேறு நோய்க்கான கிட்டின் பஃபரையோ, வெறும் தண்ணீரையோ, சலைனையோ ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் மலேரியாவே இல்லாத ரத்தத்திலும் கோடு வரலாம். சில கார்டுகளைச் சேமிக்க 30 டிகிரிதான் உச்ச வரம்பு, மற்றவற்றுக்கு 40. மலேரியா அதிகமுள்ள ஊர்களில் தகரக் கூரைக் கிடங்கு மதியத்தில் எவ்வளவு சூடாகும் என்று யோசித்துப் பாருங்கள். இவை சின்ன விஷயங்களாகத் தெரியலாம். ஆனால் வெப்பம் தாங்கும் ஆன்டிபாடி, தனித்தனிச் சொட்டாக அடைத்த பஃபர், சரியான அளவில் தானே நிற்கும் ரத்தக்குழல் ஆகியவற்றுக்கும் ஆராய்ச்சிதான் தேவை. பெரிய மாநாடுகளில் இவற்றைப் பற்றி யாரும் உற்சாகமாகப் பேசுவதில்லை.

இனி, என்னை உண்மையிலேயே கவலைப்படுத்தும் குறைகளுக்கு வருகிறேன்.

ஃபால்சிபேரம் கோடு பிடிப்பது ஹெச்.ஆர்.பி-2 என்ற புரதத்தை. ஒட்டுண்ணி இதை ஏராளமாகச் சுரக்கிறது. ரத்தத்தில் ஒட்டுண்ணி குறைவாக இருந்தாலும் புரதம் மிதந்துகொண்டிருக்கும். கர்ப்பிணிகளிடம் ஒட்டுண்ணி நஞ்சுக்கொடியில் ஒளிந்துகொண்டு ஸ்லைடில் தெரியாதபோதுகூடக் கார்டு காட்டிக்கொடுக்க வாய்ப்பு உண்டு. இதனால்தான் உலகமே இந்தப் புரதத்தின் பின்னால் போனது. ஆனால் நெருப்பை அணைத்த பிறகும் புகை நிற்பதைப் போல, ஒட்டுண்ணி செத்துப்போன பின்னும் இந்தப் புரதம் வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். மருந்து முடித்து இரண்டு வாரம் கழித்துச் சாதாரணச் சளிக் காய்ச்சலோடு ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார் ஒரு தாய். கார்டில் கோடு பளிச்சென்று விழுந்தது. "மாத்திரையெல்லாம் சொன்ன மாதிரியே குடுத்தோமே மேடம், இன்னும் இருக்குதா?" என்று அவர் கேட்டபோது முகத்தில் இருந்த பதற்றத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்லைடைப் போட்டு, தடித்த படலத்தில் நூறு ஃபீல்டுக்கு மேல் தேடினேன். ஒன்றும் இல்லை. "நோய் போயிடுச்சும்மா, இது பழைய மிச்சம்" என்று சொல்லி அனுப்ப முடிந்தது. ஸ்லைடு வசதி இல்லாத இடமாக இருந்திருந்தால் அந்தக் குழந்தைக்கு மறுபடியும் ஒரு கோர்ஸ் மருந்து போயிருக்கும். மருந்து எதிர்ப்பு என்று யாராவது எழுதிவைத்திருக்கவும் கூடும்.

நோய் அதிகமுள்ள இடத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒழிப்பின் விளிம்பில் நிற்கும் நாட்டில் அப்படி விட முடியாது. சீனா கடைப்பிடித்த 1-3-7 முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்குள் தகவல், மூன்று நாளுக்குள் விசாரணை, ஏழு நாளுக்குள் அந்த இடத்தில் நடவடிக்கை. ஒவ்வொரு பாசிட்டிவும் ஒரு குழுவைக் கிளப்பி அனுப்பும். 2021-ல் சீனா மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்றதில் இந்த ஒழுங்குக்குப் பெரும் பங்கு உண்டு. அப்படிப்பட்ட ஏற்பாட்டில், தீர்ந்துபோன நோயைப் புதிய நோய் என்று காட்டும் கார்டு ஆட்களையும் நேரத்தையும் வீணாக்குகிறது.

இதைவிட மோசமானது இதற்கு நேர்மாறான குறை. 2010-ல் பெரு நாட்டு அமேசான் பகுதியிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஹெச்.ஆர்.பி-2 புரதத்துக்கான ஜீனே இல்லாத ஃபால்சிபேரம் அங்கே உலவிக்கொண்டிருந்தது. இந்த ஒட்டுண்ணி உள்ளவரின் ரத்தத்தைக் கார்டில் விட்டால் கன்ட்ரோல் கோடு மட்டும் வரும். நோயாளி நெகட்டிவ் என்று வீட்டுக்குப் போவார். பிறகு எரித்ரியாவில் கார்டு நெகட்டிவ், ஸ்லைடு பாசிட்டிவ் என்று முரண்படுவது அதிகமாகி, 2016-ல் அந்த நாடு ஹெச்.ஆர்.பி-2 கார்டை விட்டு வேறு வகைக்கு மாற வேண்டியதாயிற்று. ஜிபூட்டி, எத்தியோப்பியா என்று ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியில் பல இடங்களில் இன்று இந்தச் சிக்கல் இருக்கிறது.

இதன் தர்க்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கார்டில் தெரிகிற ஒட்டுண்ணிக்கு மருந்து கிடைக்கிறது, அது சாகிறது. தெரியாத ஒட்டுண்ணிக்கு மருந்து கிடைப்பதில்லை. அது கொசு வழியாக அடுத்தவருக்குப் போகிறது. அதாவது, நாம் எவ்வளவு ஒழுங்காகச் சோதித்து மருந்து கொடுக்கிறோமோ, அவ்வளவு வேகமாகச் சோதனையில் சிக்காத ரகத்துக்கு வழி திறந்துவிடுகிறோம். மருந்துக்கு எதிர்ப்பு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். சோதனைக்கும் எதிர்ப்பு வரும் என்பது என்னைப் போன்றவர்களுக்கு ஒரு பெரிய அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

ஓர் இடத்தில் இந்த ஜீன் இழப்பால் தவறும் நோயாளிகள் 5 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே கார்டை மாற்றிவிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மாற்று என்ன? பி.எல்.டி.ஹெச் என்ற நொதியைப் பிடிக்கும் கார்டு. உயிருள்ள ஒட்டுண்ணிதான் அதைத் தயாரிக்கிறது. மருந்து கொடுத்ததும் சீக்கிரம் மறைந்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எண்ணிக்கை குறைந்த தொற்றைப் பிடிப்பதில் ஹெச்.ஆர்.பி-2 அளவுக்குக் கூர்மை வெகுகாலம் வரவில்லை, வெப்பத்தையும் அவ்வளவாகத் தாங்குவதில்லை. பி.எல்.டி.ஹெச் கார்டைக் கூர்மையாக்குவதும், மூன்றாவதாக ஒரு புரதத்தைக் கண்டுபிடிப்பதும்தான் இந்தப் பொருளைப் பொறுத்தவரை முதல் ஆராய்ச்சித் தேவை என்பது என் கருத்து. அடுத்த பத்தாண்டுக்கு ஒரே புரதத்தை நம்பிக் கோடிக்கணக்கான நோயாளிகளின் உயிரை ஒப்படைக்கக் கூடாது.

கார்டு நெகட்டிவ், ஸ்லைடு நிறைய ஒட்டுண்ணி என்று வந்தால் உடனே ஜீன் இழப்பு என்று முடிவுகட்டிவிட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்டு கெட்டிருக்கலாம். ஒட்டுண்ணி அளவுக்கு மீறி இருந்தாலும், புரதம் ஆன்டிபாடிகளைத் திணறடித்துக் கோடு விழாமல் போவது உண்டு. அதே ரத்தத்தைச் சலைனில் கரைத்து, கிட்டின் பஃபரோடு வழக்கம்போலப் போட்டால் கோடு வரும். உறுதி செய்ய, ஆய்வகத்தில் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர் வேண்டும். அதற்காக அப்படிப்பட்ட நோயாளியின் ரத்தத்தை வடிதாளில் ஒரு சொட்டு உலர்த்தி எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

அடுத்தது எண்ணிக்கை. வழக்கமான கார்டு ஒரு மைக்ரோலிட்டருக்கு 100 முதல் 200 ஒட்டுண்ணி இருந்தால் நம்பகமாகப் பிடிக்கும். காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும், எனவே பிரச்சினை இல்லை. ஆனால் பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. மைக்ரோலிட்டருக்கு 100 என்றால் மொத்தம் 50 கோடி ஒட்டுண்ணி. 50 கோடி ஒட்டுண்ணியோடு ஒருவர் காய்ச்சல் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கலாம், கார்டு அவரை நெகட்டிவ் என்று சொல்லலாம், கொசு அவரைக் கடித்து அடுத்த வீட்டுக்கு எடுத்துப்போகலாம். பல ஆண்டுகள் மலேரியாவோடு வாழ்ந்த இடங்களில் அரைகுறை எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதால் இப்படிப்பட்டவர்கள் நிறையவே இருப்பார்கள். நோய் குறையக் குறைய, மிச்சம் இருக்கும் தொற்றில் இவர்களுடைய பங்கு கூடுகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

2017-ல் உயர் நுண்ணுணர்வுக் கார்டு என்று ஒன்று வந்தது. ஆய்வக அளவீட்டில் பத்து மடங்கு கூர்மை. எதிர்பார்ப்போடு காத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. களத்தில் கிடைத்த கூடுதல் பலன் பல இடங்களில் சொற்பமாகவே இருந்தது. அதுவும் ஹெச்.ஆர்.பி-2-ஐத்தான் பிடிக்கிறது; அதனால் ஜீன் இழந்த ஒட்டுண்ணி அதிலும் தப்பும், பழைய நோயின் மிச்சம் இன்னும் அதிகமாகத் தெரியும், வைவாக்ஸுக்கு உதவவே உதவாது. அதே பாதையில் இன்னும் கொஞ்சம் கூர்மை சேர்ப்பதால் பெரிய பயன் வரும் என்று நான் நினைக்கவில்லை. கணக்கே தடுக்கிறது: 5 மைக்ரோலிட்டர் ரத்தத்தில் பிடிபடும் அளவுக்குப் புரதம் இருந்தால்தானே கார்டு அதைப் பிடிக்கும்? பி.சி.ஆரால் மைக்ரோலிட்டருக்கு ஒன்றிரண்டு வரை பிடிக்க முடியும். ரத்தத்தை அதிக அளவில் எடுத்துச் செய்தால் அதற்கும் கீழே போகலாம். ஆனால் பி.சி.ஆர் முடிவு ஊருக்குத் திரும்புவதற்குள் ஆள் வேறு ஊருக்குப் போயிருப்பார். குளிர்சாதனம் இல்லாமல், ஒரே வெப்பநிலையில், ஒரு மணி நேரத்துக்குள் மரபணுவைப் பெருக்கிக் காட்டும் எளிய முறைகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைத் திண்ணைக்குக் கொண்டுவரும் ஆராய்ச்சிக்குப் பணம் போடுவது நல்லது.

இதுவரை பேசியதெல்லாம் பெரும்பாலும் ஃபால்சிபேரம். வைவாக்ஸ் விஷயத்தில் இந்தக் கார்டின் மேல் எனக்கு இருக்கும் மனக்குறை இன்னும் பெரியது.

வைவாக்ஸ் ஒட்டுண்ணி ஈரலில் உறங்கிக் கிடக்கும். ரத்தத்தில் ஒன்றும் இருக்காது. வாரங்களோ மாதங்களோ கழித்து, கொசுவே கடிக்காமல், மறுபடி காய்ச்சலாகக் கிளம்பும். பப்புவா நியூ கினியில் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளிவந்தது. அங்கே வந்த வைவாக்ஸ் தொற்றுகளில் ஐந்தில் நான்கு, ஈரலில் தூங்கிய பழைய ஒட்டுண்ணி விழித்துக்கொண்டதால் வந்தவை. அதாவது, இன்று நான் யாருக்கு நெகட்டிவ் என்று எழுதிக் கொடுக்கிறேனோ அவரே இரண்டு மாதம் கழித்து அந்த ஊரின் நோய் மூலமாக இருக்கலாம். ஈரலில் தூங்குவதைக் காட்டும் சோதனை உலகில் எங்கும் இல்லை.

நேராகக் காட்ட முடியாவிட்டாலும் தடத்தை வைத்து ஊகிக்கலாம் என்று ஒரு குழு முயன்றது. தாய்லாந்து, பிரேசில், சாலமன் தீவுகள் ஆகிய இடங்களில் மக்களை ஓராண்டு பின்தொடர்ந்து, எட்டு ஆன்டிபாடிகளின் அளவைச் சேர்த்துப் பார்த்தால் கடந்த ஒன்பது மாதத்துக்குள் ஒருவருக்கு வைவாக்ஸ் வந்திருக்கிறதா என்று ஏறத்தாழ 80 சதவீதத் துல்லியத்தில் சொல்ல முடியும் என்று 2020-ல் காட்டினார்கள். அண்மையில் தொற்று வந்தவர்தான் ஈரலிலும் சுமந்துகொண்டிருக்க அதிக வாய்ப்புள்ளவர். ஊர் முழுவதற்கும் மருந்து கொடுப்பதற்குப் பதில் இவர்களை மட்டும் தேடிக் கொடுக்கலாம். இந்தச் சோதனை ஒரு கார்டாக வந்து என் மேசையில் கிடக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை. மலேரியா ஒழிப்புக்கு ஒரே ஒரு புதிய சோதனையைத்தான் தர முடியும் என்று யாராவது சொன்னால் இதைத்தான் கேட்பேன்.

ஆளைக் கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? ஈரலைச் சுத்தம் செய்ய 1950-களிலிருந்து பிரைமாக்வின் இருக்கிறது. வழக்கமாக 14 நாள் சாப்பிட வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், பிறகு யார் சாப்பிடுகிறார்கள்? 2018-ல் டஃபெனோக்வின் அனுமதி பெற்றது, ஒரே வேளை. ஆனால் இரண்டுமே, சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு அந்தக் குறைபாடு உண்டு, அதிலும் மலேரியா பரவலாக இருந்த நிலங்களில்தான் அதிகம். டஃபெனோக்வின் கொடுக்க வேண்டுமானால் நொதியின் செயல்பாடு 70 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று அளந்தாக வேண்டும். அதற்குக் கையடக்கக் கருவி வந்துவிட்டது. நல்ல கருவிதான். ஆனால் விலை, வேலை செய்யும் வெப்பநிலை வரம்பு, ரத்த அளவில் காட்ட வேண்டிய கவனம் எல்லாம் சேர்ந்து அதைத் தாலுகா மருத்துவமனையோடு நிறுத்திவிடுகின்றன. கார்டு திண்ணைக்குப் போகிறது, ஜி6பிடி சோதனை போகவில்லை. அதனால் வைவாக்ஸ் என்று கார்டு சொன்ன பிறகும் பாதிச் சிகிச்சைதான் நடக்கிறது. மலேரியா கார்டும் ஜி6பிடியும் ஒரே விரல் குத்தில், ஒரே கேசட்டில் முடிய வேண்டும்.

மற்ற இனங்களைப் பற்றிச் சுருக்கமாக: ஓவேல், மலேரியே என்ற இரண்டு ஒட்டுண்ணி இனங்களிலும் இந்தக் கார்டுகள் சுமார். குரங்கிலிருந்து மனிதருக்கு வரும் நோலெசி விஷயத்தில் நம்பவே கூடாது. மனித மலேரியா உள்ளூரில் நின்றுபோன பிறகும் மலேசியா நோலெசியால் அவதிப்படுகிறது. அங்கெல்லாம் ஸ்லைடும் பி.சி.ஆரும்தான் கதி.

இவ்வளவு தேவை இருந்தும் ஏன் மெதுவாக நகர்கிறது? 2007-ல் உலக அளவில் மலேரியா ஒழிப்பு என்ற பேச்சு மறுபடி எழுந்தபோது, ஆராய்ச்சி எதில் தேவை என்று தொகுக்க விஞ்ஞானிகள் பலர் கூடினார்கள். மலேரா என்ற பெயரில் 2011-ல் அது வெளிவந்தது, 2017-ல் புதுப்பித்தார்கள். 2011-ல் நோயறிதலுக்கென்றே தனி அறிக்கை இருந்தது. அதன் மையக் கருத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன்: கட்டுப்பாட்டில் நோயாளியைத் தேடுகிறோம், ஒழிப்பில் தொற்றைத் தேட வேண்டும். 2017-ல் நோயறிதல், மருந்து, தடுப்பூசி, கொசுக் கட்டுப்பாடு நான்கையும் ஒரே அறிக்கைக்குள் அடக்கிவிட்டார்கள். தடுப்பூசிக்கும் மருந்துக்கும் போகும் ஆராய்ச்சிப் பணத்தோடு ஒப்பிட்டால் நோயறிதலுக்குப் போவது சிறு பங்குதான்.

தடுப்பூசி வேண்டாம் என்று சொல்லவில்லை. 2021-ல் ஆர்.டி.எஸ்.எஸ், 2023-ல் ஆர்-21 என்று இரண்டு தடுப்பூசிகள் பரிந்துரைக்கப்பட்டதை மனதார வரவேற்றேன். 2023-ல் மட்டும் மலேரியாவால் சுமார் 5,97,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகள். அவர்களைக் காக்கும் எதுவும் முதலில் வரட்டும். ருவாண்டா, உகாண்டா போன்ற நாடுகளில் ஆர்டிமிசினின் என்ற முக்கிய மருந்துக்கு ஒட்டுண்ணி எதிர்ப்புக் காட்ட ஆரம்பித்திருப்பதால் புதிய மருந்தும் அவசரம். என் வாதம் வேறு. தடுப்பூசி வேலை செய்கிறதா, மருந்து தோற்கிறதா, கொசுவலை பலிக்கிறதா என்பதையெல்லாம் நாம் தெரிந்துகொள்வதும் ஒரு சோதனையின் வழியாகத்தான். அந்தச் சோதனை பாதித் தொற்றைத் தவறவிட்டால் மற்ற எல்லாக் கணக்கும் தவறும்.

இது ஏற்கெனவே நடந்த கதை. 1955-ல் உலக சுகாதார நிறுவனம் மலேரியாவை உலகத்திலிருந்தே ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கொசுவுக்கு டி.டி.டி இருக்கிறது, நோய்க்குக் குளோரோக்வின் மாத்திரை இருக்கிறது, இனி ஆராய்ச்சி எதற்கு என்ற எண்ணம் பரவலாக இருந்தது. 1969-ல் அந்த இலக்கைக் கைவிட்டார்கள். இலங்கையில் 1963-ல் ஆண்டு முழுவதும் வெறும் 17 நோயாளிகள். கண்காணிப்பு தளர்ந்தது; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கில் திரும்பிவந்தது. அதே இலங்கை பிறகு பொறுமையாக, நடமாடும் குழுக்கள் வைத்து, காய்ச்சல் இல்லாதவர்களையும் தேடிச் சோதித்து, 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று வாங்கியது. அந்தப் பணியில் பெரும்பங்கு ஸ்லைடு பார்த்தவர்களுடையது. கார்டு வந்துவிட்டது என்று ஸ்லைடு பார்ப்பவர்களுக்குப் பயிற்சி தருவதையே நிறுத்திவிடும் போக்கு எனக்கு வருத்தமாக இருக்கிறது. நோய் குறைந்த நாட்டில் ஒரு டெக்னீஷியன் மாதக்கணக்கில் ஒரு பாசிட்டிவ்கூடப் பார்க்க மாட்டார், கண் மறந்துவிடும். அந்தக் கண்ணை எப்படிப் பழக்கத்தில் வைத்திருப்பது என்பதும் ஆராய வேண்டிய கேள்விதான்.

இன்னொரு கேள்வியும் உண்டு. கார்டு நெகட்டிவ் என்று சொன்ன பிறகும் மலேரியா மருந்து எழுதிக் கொடுக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். "எதுக்கும் குடுத்து வெச்சிருவோம், எழுதும்மா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். நெகட்டிவ் என்றால் அடுத்து என்ன செய்வது என்று அவர்கள் கையில் வேறு எதுவும் இல்லாததால்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். மலேரியா இல்லை என்பதோடு, வேறு என்ன என்பதற்கும் ஒரு குறிப்புத் தரும் காய்ச்சல் சோதனை வந்தால் கார்டின் சொல்லுக்கு மரியாதை கூடும்.

மதிப்பெண் கேட்டால்: காய்ச்சல் உள்ள நோயாளிக்கு ஐந்துக்கு நாலரை. நோயில்லாதவர்களிடம் மறைந்திருக்கும் தொற்றைத் தேட ஐந்துக்கு இரண்டு. வைவாக்ஸை வேரோடு பிடுங்க ஐந்துக்கு ஒன்று, அதுவும் பாதி வேலையைச் செய்வதற்காக.

வாங்குகிறவர்களுக்கும் போடுகிறவர்களுக்கும் சில வார்த்தைகள். உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதிப் பட்டியலில் உள்ள கார்டையே வாங்குங்கள். ஒவ்வொரு லாட் வந்ததும், பாசிட்டிவ் என்று ஏற்கெனவே உறுதியான ரத்தம் கிடைத்தால் அதை வைத்து ஒரு கேசட்டைச் சோதித்துப் பாருங்கள். கேசட்டின் மேல் பெயரோடு தொடங்கிய நேரத்தையும் எழுதுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தெரியும் கோட்டை முடிவாக எடுக்காதீர்கள். உங்கள் பகுதியில் ஹெச்.ஆர்.பி-2 இழப்பு பற்றிய தகவல் இருக்கிறதா என்று மாவட்ட மலேரியா அலுவலகத்தில் கேளுங்கள். கார்டு நெகட்டிவ், ஆனால் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, நோயாளி மலேரியா உள்ள இடத்துக்குப் போய்வந்தவர் என்றால் தடித்த படலம் ஒன்றும் மெல்லிய படலம் ஒன்றும் போடுங்கள். அதிலும் இல்லையென்றால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில், மூன்று முறை வரை திரும்பப் போட்டுப் பாருங்கள்.